தூரம் ஒன்று, நேரம் பல: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் பற்றி நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னை–லண்டன் பயணத்தைப் பற்றியவை. பிள்ளைகள் அங்கே படிப்பதோ வேலை பார்ப்பதோ இப்போது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டதால் அதில் வியப்பில்லை. அவற்றோடு தொடர்புடைய வேறு சில கேள்விகளையும் சேர்த்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? ஓரிடத்தில் 8,210 என்றும், இன்னோரிடத்தில் 8,230 என்றும், வேறிடங்களில் 5,115 என்றும் 4,445 என்றும் போட்டிருக்கிறார்கள். இவற்றில் எதை நம்புவது? (வாசகர், திருச்சி)

பதில்: நான்கையும் நம்பலாம். முதல் எண் சென்னை நகரின் மையத்திலிருந்து லண்டன் நகரின் மையம் வரை கிலோமீட்டரில் அளந்தது. இரண்டாவது எண் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஹீத்ரோ விமான நிலையம் வரை அளந்தது. ஹீத்ரோ லண்டனின் மையத்துக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மீனம்பாக்கமும் நகரின் மையத்தில் இல்லை. அதனால்தான் இந்த வேறுபாடு. மூன்றாவது எண் விமான நிலையங்களுக்கு இடையிலான அதே தூரத்தை மைலிலும், நான்காவது எண் கடல் மைலிலும் சொல்பவை.

விமானிகள் இன்றும் கடல் மைலைக் கைவிடாததற்குக் காரணம் கணக்கின் எளிமை. பூமியின் மையத்தில் நின்று இரண்டு ஊர்களையும் நோக்கி இரண்டு கோடுகள் வரைந்தால், அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தின் ஒவ்வொரு பாகைக்கும் தரையில் 60 கடல் மைல் கிடைக்கும். மீனம்பாக்கத்துக்கும் ஹீத்ரோவுக்கும் இடைப்பட்ட கோணம் 74 பாகைக்குச் சற்றே கூடுதல். அதை 60-ஆல் பெருக்கி, ஒரு கடல் மைலுக்கு 1,852 மீட்டர் என்று மாற்றினால் 8,230 கி.மீ. அளவில் வந்து நிற்கும். பூமி முழு உருண்டையாக இல்லாமல் துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால், எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்துச் சில கிலோமீட்டர்கள் கூடவோ குறையவோ செய்யலாம்.

கேள்வி: எங்கள் பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துச் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கோடு போட்டால், அது ஓமான் வளைகுடா, ஈராக், துருக்கி வழியாகப் போகிறது. ஆனால் மிகக் குறுகிய வழி ஈரான், காஸ்பியன் கடல் பக்கமாகப் போகும் என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். வளைந்து போகும் வழி எப்படிக் குறுகியதாக இருக்க முடியும்? (பள்ளி மாணவி, விருதுநகர்)

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வதே சரி. பள்ளியில் ஓர் உலக உருண்டை இருந்தால், ஒரு நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னையிலும் மறு முனையை லண்டனிலும் வைத்து இறுக்கமாக இழுத்துப் பாருங்கள். நூல் மகாராஷ்டிரத்தைக் கடந்து, பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பகுதியையும் கிழக்கு ஈரானையும் தாண்டி, காஸ்பியன் கடலின் தென்பகுதியையும் அஜர்பைஜானையும் தொட்டு, கருங்கடலின் வடகரை வழியாக உக்ரைனுக்குள் நுழைந்து, போலந்தையும் ஜெர்மனியையும் கடந்து லண்டனில் போய் முடியும். பூமியை இரு சம பாதிகளாக வெட்டும் வட்டத்தின் ஒரு பகுதி இது. இதைப் பெருவட்டம் என்பார்கள். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி எப்போதும் இதுதான்.

சுவர் வரைபடத்தில் நீங்கள் போட்ட கோடு, திசைகாட்டியில் ஒரே திசையை மாற்றாமல் வைத்துக்கொண்டு போகும் வழியாகும். பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் சென்னை–லண்டன் பயணத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 8,480 கி.மீ.; அதாவது 250 கி.மீ. வீண். தட்டையான தாளில் உருண்டையை விரிக்கும்போது வடபகுதிகள் அகலமாக இழுக்கப்படுவதால்தான் குறுகிய வழி வளைந்ததாகவும் நீண்ட வழி நேரானதாகவும் கண்ணுக்குத் தெரிகின்றன.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக, நேரடி விமானத்தில் பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். போகும்போது பயண நேரம் 11 மணியை ஒட்டியும், திரும்பும்போது 10 மணியை ஒட்டியும் போட்டிருக்கிறது. அதே தூரம், அதே வகை விமானம். ஒரு மணி நேரம் எங்கே போகிறது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த ஒரு மணி நேரம் காற்றில் போகிறது. 8,230 கி.மீ. என்பது தரையில் அளந்த தூரம். விமானமோ தரையைத் தொடாமல் காற்றுக்குள் நகர்கிறது; அந்தக் காற்றும் தன் போக்கில் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விமானத்தின் எந்திரம் தருவது காற்றைப் பொறுத்த வேகத்தை மட்டுமே. தரையைப் பொறுத்த வேகம் என்பது அதோடு காற்றின் வேகத்தைக் கூட்டியோ கழித்தோ வருவது.

பூமியின் வட அரைக்கோளத்தில், நடு அட்சரேகைகளுக்கு மேலே, ஏறக்குறைய 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒடுங்கிய பெருங்காற்று ஒன்று ஓடுகிறது. இதை ஜெட் காற்று என்கிறார்கள். பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரமும் அதுதான். குளிர்காலத்தில் இந்தக் காற்றின் ஒரு கிளை இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேலேயே இறங்கி ஓடும். அப்போது மணிக்கு 200 கி.மீ. வேகம் என்பது அதற்கு அரிதில்லை. கோடையில் அந்தக் கிளை திபெத்துக்கு வடக்கே விலகிப்போகும், வேகமும் தணியும். ஆகவே போகவும் வரவும் ஆகும் நேரங்களின் வேறுபாடு டிசம்பர், ஜனவரியில் கூடுதலாகவும், ஜூலை, ஆகஸ்டில் குறைவாகவும் இருக்கும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்றும், வழி நெடுகச் சராசரியாக 50 கி.மீ. வேகத்தில் மேற்குக் காற்று வீசுகிறது என்றும் கொள்வோம். லண்டன் நோக்கிப் போகும்போது தரை வேகம் 850. 8,230-ஐ அதனால் வகுத்தால் 9 மணி 41 நிமிடம். திரும்பும்போது தரை வேகம் 950. பயண நேரம் 8 மணி 40 நிமிடம். வேறுபாடு ஒரு மணி நேரம். உங்கள் பயணச்சீட்டில் இருப்பதும் அதுதான். ஏறி இறங்கும் நேரமும், தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும், நேர்வழியை விட்டுச் சுற்றிப் போகும் நேரமும் இரு பக்கமும் சேர்வதால்தான் ஒன்பதரை 11 ஆகவும், எட்டரைக்குச் சற்று மேல் 10 ஆகவும் அச்சிடப்பட்டிருக்கின்றன.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. போகும்போது காற்று பறித்துக்கொண்ட நேரத்தைத் திரும்பும்போது முழுவதும் கொடுத்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அது அப்படிக் கொடுப்பதில்லை. காற்றின் வேகத்தை 100 கி.மீ. என்று உயர்த்திப் பாருங்கள். போக 10 மணி 17 நிமிடம், வர 8 மணி 14 நிமிடம். இரண்டும் சேர்ந்து 18 மணி 31 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர மொத்தம் 18 மணி 17 நிமிடம்தான் ஆகும். எதிர்காற்றில் நாம் அதிக நேரம் சிக்கியிருக்கிறோம், பின்காற்றிலிருந்து சீக்கிரமே வெளியேறிவிடுகிறோம் என்பதால், காற்று எந்தப் பக்கம் வீசினாலும் போக்குவரத்தின் மொத்தக் கணக்கில் நமக்கு நட்டமே மிஞ்சும்.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலையாளர் வாசபுரோ ஓயிஷி. 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அவர் கண்டறிந்ததை, உலகம் முழுவதும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். விளைவாக, கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மீது உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் நேரடியாக மாட்டிக்கொண்ட பிறகே அது பரவலாகப் பேசப்பட்டது. அது எவ்வளவு வலியது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று: 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் தரையிறங்கியது. அதன் தரை வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீட்டரைத் தாண்டியது. இருந்தும் அது ஒலியின் வேகத்தைக் கடக்கவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

கேள்வி: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. மேற்கே இருக்கும் லண்டன் விமானத்தை நோக்கித் தானாகவே வந்துகொண்டிருக்க வேண்டுமே! அப்படியானால் லண்டனுக்குப் போவதுதானே சீக்கிரம் முடிய வேண்டும்? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது, அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நன்றாகச் சிந்திப்பவர்களே. சென்னை இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்கு 1,600 கி.மீட்டருக்கும் மேலான வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் ஓடுபாதையில் நிற்கும் விமானமும், அதைச் சூழ்ந்திருக்கும் காற்றும், மேலே 12 கி.மீ. வரையுள்ள காற்றும் அதே வேகத்தில் சேர்ந்தே ஓடுகின்றன. ஓடும் ரயிலுக்குள் நீங்கள் எம்பிக் குதித்தால் பின்பெட்டியில் போய் விழுவதில்லை அல்லவா, அதைப் போலத்தான் இதுவும். விமானம் மேலெழுந்தவுடன் பூமியின் சுழற்சியை உதறிவிடுவதில்லை.

ஆனால் பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய காற்று சூடாகி மேலெழுந்து துருவத்தை நோக்கி நகரும்போது, தான் கிளம்பிய இடத்தின் அதிக வேகத்தையும் உடன் சுமந்து செல்கிறது. வடக்கே போகப் போகத் தரையின் வேகம் குறைகிறது. லண்டனில் அது மணிக்கு 1,040 கி.மீ. அளவுதான். தரையை முந்திக்கொண்டு கிழக்கே ஓடும் அந்தக் காற்றே மேற்சொன்ன ஜெட் காற்றின் ஒரு மூலம். ஆகச் சுழற்சி காற்றை உண்டாக்குகிறது, அந்தக் காற்று லண்டன் பயணத்தைத் தாமதமாக்குகிறது. நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு.

கேள்வி: அப்படியானால் கிழக்கே போகும் விமானம் எல்லாமே சீக்கிரம் போய்விடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? சிங்கப்பூருக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: பொருந்தாது. கிழக்கே போனால் விரைவு என்ற விதி நடு அட்சரேகைகளுக்கு உரியது. சென்னை–சிங்கப்பூர்ப் பயணம் முழுவதும் வெப்ப மண்டலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தூரம் ஏறத்தாழ 2,920 கி.மீ.; பயண நேரம் நான்கு முதல் நான்கரை மணி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின் மேலே உயர்ந்த வானில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு ஜெட் காற்று வீசுகிறது. கோடையில் திபெத்தியப் பீடபூமி சூடாகி, அதன் மேலிருந்து தெற்கே வழியும் காற்று பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி மேற்கு நோக்கி ஓடத் தொடங்குவதே இதற்குக் காரணம். இதை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவராகவும் இருந்தவர். அந்தக் காற்றின் மையம் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில், விமானங்கள் பறக்கும் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆனாலும் அதன் வீச்சு கீழேயும் எட்டும். எனவே தரையில் மேற்குக் காற்று மரங்களை ஆட்டிக்கொண்டிருக்கும் ஆடி மாதத்தில், சிங்கப்பூர் நோக்கிப் போகும் விமானத்துக்கு மேலே எதிர்காற்று வீசும். சென்னை திரும்பும் விமானத்துக்கு அதுவே பின்காற்றாகும்.

கேள்வி: விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் தூரம் கூடுமே, அது எவ்வளவு? (வாசகர், ஓசூர்)

பதில்: லண்டன் வரையிலான முழுப் பயணத்திலும் சேர்த்து ஏறத்தாழ 14 கி.மீ. மட்டுமே. ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட வேறுபாடு.

கேள்வி: பெருவட்டத்தின் வழியாகத்தான் விமானம் போகிறது என்றால், என் மருமகன் கைப்பேசியில் காட்டிய விமானப் பாதை ஏன் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கிறது? (வாசகி, மதுரை)

பதில்: குறுகிய வழி என்பது வடிவக் கணக்கு, அந்த வழியில் போகலாமா என்பதை அரசுகள் முடிவு செய்கின்றன. முன்பு நூல் பிடித்துப் பார்த்த பாதை கடக்கும் நாடுகளின் பெயர்களை இன்னொரு முறை படித்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே, 2014 ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 298 பேரும் மாண்டனர். பாகிஸ்தான் 2019-இல் பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுவரை தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடி வைத்தது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மட்டும் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது ஈரான், ஈராக் ஆகிய நாடுகளின் வானமும் மூடப்பட்டது.

இத்தகைய நேரங்களில் விமானம் தெற்கே இறங்கிப் போக வேண்டும். அப்படிப் போனால் எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். சென்னையிலிருந்து மஸ்கட்டின் மேலாகச் சென்று, அங்கிருந்து இஸ்தான்புல்லின் மேலாக லண்டனுக்குப் போனால் தூரம் 8,450 கி.மீ.; கூடுதல் 220 கி.மீ., கால் மணி நேரம். மஸ்கட்டிலிருந்து கெய்ரோவின் மேலாகப் போனால் 8,880 கி.மீ.; கூடுதல் 650 கி.மீ., முக்கால் மணி நேரம். இன்னொரு வகையில் பார்த்தால், விருதுநகர் மாணவி சுவர் வரைபடத்தில் போட்ட அந்த நீண்ட கோட்டின் அருகிலேயே விமானங்கள் சில காலங்களில் பறக்க நேர்கிறது. சென்னை தெற்கே இருப்பதால் நமக்கு இழப்பு குறைவு. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்களுக்குக் கிளம்பிய சிறிது நேரத்திலேயே பாகிஸ்தான் எல்லை குறுக்கிடுவதால், அவை குஜராத் பக்கம் இறங்கி அரபிக்கடலைத் தொட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

வான்வெளி எல்லாம் திறந்திருக்கும் நாளிலும் பாதை மாறும். ஜெட் காற்று எங்கே கடுமையாக வீசுகிறது என்பதைப் பார்த்து, மேற்கே போகும் விமானத்தை அதிலிருந்து விலக்கியும், கிழக்கே வரும் விமானத்தை அதற்குள் செலுத்தியும் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பாதை வகுப்பார்கள். தரையில் 100 கி.மீ. கூடுதலாகச் சுற்றினாலும் நேரத்திலும் எரிபொருளிலும் மிச்சம் இருந்தால், சுற்றுவழியே நல்ல வழி.

கேள்வி: சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு 355 கி.மீ.தான் என்கிறார்கள். ஆனால் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. லண்டன் விமானம் அதே நேரத்தில் ஆயிரம் கி.மீ. போய்விடுமே? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தூரம் சரிதான். மீனம்பாக்கமும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அட்சரேகை வேறுபாடு 3.2 பாகை, ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 355 வந்துவிடும். கையால் கணக்கிட இதைவிட எளிய வழித்தடம் நம் பக்கத்தில் வேறு கிடையாது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை, 2020-இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

இத்தடத்தில் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. அந்த வேகத்திலேயே முழுத் தூரத்தையும் கடந்தால் 43 நிமிடம் போதும். ஆனால் நிலையத்தை விட்டுப் பின்வாங்கி ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குவதற்காக வேகத்தைக் குறைப்பது, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி வருவது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை செல்வது ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்ந்து ஒவ்வொரு பயணத்திலும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் போய்விடுகிறது. தூரம் 355 ஆனாலும் 8,230 ஆனாலும் இந்தச் செலவு கழியாது. நீண்ட பயணத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகிறது. குறும்பயணத்தில் அதுவே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது. சென்னை–மதுரை, சென்னை–திருச்சி விமானங்களுக்கும் இதே நிலைதான்.

கேள்வி: அச்சிட்ட நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே விமானம் இறங்கிவிட்டது என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார்கள். உண்மையிலேயே வேகமாக ஓட்டினார்களா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. அட்டவணையில் இருக்கும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு அசைந்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் நொடி வரை கணக்கிட்டது. அதில் நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரத்தைச் சேர்த்து வைக்கின்றன. எந்தத் தடையும் வராத நாளில் அந்த உபரி, முன்கூட்டிய வருகையாக மாறிவிடுகிறது. இதை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. ஹீத்ரோ போன்ற இடங்களில் அந்த உபரி தேவைப்படுகிறது. இரண்டே ஓடுபாதைகளைக் கொண்டு ஏறத்தாழ முழுக் கொள்ளளவில் இயங்கும் அந்த நிலையத்தில், வரிசை நீளும்போது விமானங்களைப் பொவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிகின் என்ற நான்கு இடங்களின் மேலே அடுக்கடுக்காக வட்டமிட வைப்பார்கள். லண்டனைச் சன்னலில் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் சுற்றியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

கேள்வி: ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட விமானங்கள் வேகமாகப் போகின்றனவா? (வாசகர், வேலூர்)

பதில்: இல்லை. 1958-இல் சேவைக்கு வந்த போயிங் 707 ஏறத்தாழ இன்றைய வேகத்தில்தான் பறந்தது. விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கி.மீ. அளவு. அதை நெருங்க நெருங்கக் காற்றின் தடை திடீரென்று பெருகுவதால், 85 விழுக்காட்டு வேகத்தோடு, அதாவது மணிக்கு 900 கி.மீட்டரோடு நிறுத்திக்கொள்வதே சிக்கனம். 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற கான்கார்ட் அந்த எல்லையைத் தாண்டி ஒலியின் இரு மடங்கு வேகத்தில் பறந்தது. ஆனால் நூறு பேரை ஏற்றிச் செல்ல அது குடித்த எரிபொருளையும், தரையில் எழுப்பிய அதிரொலியையும் தாங்கிக்கொள்ள உலகம் தயாராக இல்லை.

இந்தியாவிலிருந்து லண்டன் போகும் நேரத்தில் உண்மையான பாய்ச்சல் நிகழ்ந்தது அதற்கு முந்தைய நூறாண்டுகளில். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தபோது, ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் தேவை கப்பல்களுக்கு நீங்கியது. 1929-இல் இம்பீரியல் ஏர்வேஸ் தொடங்கிய லண்டன்–கராச்சி சேவைக்கு ஏழு நாட்கள் ஆயின. அதிலும் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை பயணிகளை ரயிலில்தான் அனுப்பினார்கள். கராச்சியில் வந்து இறங்கிய தபாலை, 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா தாமே விமானம் ஓட்டி அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் சென்றது. நாட்கள் மணிகளாகச் சுருங்கிய காலம் அது. அதன்பின் ஜெட் விமானம் வந்து சேர்ந்த இடத்திலேயே நாம் இன்றும் நிற்கிறோம்.

கேள்வி: பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் மட்டும் இருக்கின்றன. இரு ஊர்களின் கடிகாரமும் வேறு வேறு. உண்மையில் எத்தனை மணி நேரம் பறக்கிறோம் என்று எளிதாகக் கண்டுபிடிப்பது எப்படி? (வாசகி, சேலம்)

பதில்: பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி இருக்கும். லண்டன் கடிகாரம் குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், அப்போது வேறுபாடு நாலரை மணி. ஜனவரியில் சென்னையிலிருந்து காலை 5.30-க்குப் புறப்பட்டு லண்டனில் முற்பகல் 11 மணிக்கு இறங்கினால், கடிகாரங்களின்படி ஐந்தரை மணி நேரமே ஆனதுபோல் தோன்றும். அதோடு ஐந்தரையைக் கூட்டினால் உண்மையான நேரம் 11 மணி. அங்கிருந்து பகல் 1 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் விடியற்காலை 4.30-க்குச் சென்னையில் இறங்கினால், பதினைந்தரை மணி நேரம் போலத் தோன்றும். அதிலிருந்து ஐந்தரையைக் கழித்தால் 10 மணி.

சிங்கப்பூருக்கு வேறுபாடு எப்போதும் இரண்டரை மணி. அங்கே கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. தீர்க்கரேகையை மட்டும் பார்த்தால் சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே இருந்தால் போதும். ஆனால் 1982 தொடக்கத்தில் மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் என்று மாற்றியபோது, சிங்கப்பூரும் அதையே ஏற்றுக்கொண்டது.

நேர வேறுபாடு நினைவில் இல்லை என்றாலும் வழி உண்டு. போகும் பயணத்தில் கடிகாரங்கள் காட்டும் நேரத்தையும், திரும்பும் பயணத்தில் அவை காட்டும் நேரத்தையும் கூட்டுங்கள். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ஐந்தரையும் பதினைந்தரையும் சேர்ந்து 21. ஒரு பக்கம் கூடியதும் மறுபக்கம் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால், போக வர ஆகும் உண்மையான மொத்த நேரம் அதுவே. இடையில் லண்டன் தன் கடிகாரத்தை மாற்றிவிட்டிருந்தால் மட்டும், அதாவது மார்ச் மாத நடுவில் போய் ஏப்ரலில் திரும்புபவர்களுக்கும் அக்டோபரில் போய் நவம்பரில் திரும்புபவர்களுக்கும், இந்தக் கூட்டலில் ஒரு மணி நேரம் பிசகும்.